டாக்டர் அம்மாள் சட்டசபைக்குப் போனார்

ஏலகிரி மலைக்குப் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையின் மேல் 14 சிற்றூர்கள் இருக்கின்றன. அத்தனாவூர், நிலாவூர் என்று அவற்றுக்கு அழகான பெயர்கள்.

தேர்தல் வந்தால் இத்தனை வளைவுகளையும் கடந்து ஓட்டுக் கேட்க வருகிறார்கள். கும்பிடு போடுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்கிறார்கள். தேர்தல் முடிகிறது. ஒருவர் எம்.எல்.ஏ. ஆகிறார்.

பிறகு அவருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "கல்யாணத்துக்கு வருவார். காதுகுத்துக்கு வருவார். சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். குழாய் போட்டுத் தருவார். சாலை போடச் சொல்வார்" என்று பதில் வரும்.

இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழாய் வேண்டும். சாலையும் வேண்டும். ஆனால், குழாய் போட ஊராட்சி இருக்கிறது. சாலை போட அதிகாரிகள் இருக்கிறார்கள். எம்.எல்.ஏ.வுக்கு மட்டுமே உரிய வேலை ஒன்று உண்டு. அதை வேறு யாரும் செய்ய முடியாது.

அதுதான் சட்டம் செய்வது!

தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 பேர் இருக்கிறார்கள். அவர்கள் கை தூக்கினால் ஒரு சட்டம் பிறக்கிறது. கை தூக்காவிட்டால் அது பிறக்காது. சர்க்கார் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பணம் செலவிடலாம் என்பதற்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். மந்திரியை எழுப்பிக் கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

இந்த வேலையை ஒருவர் உண்மையாகச் செய்தால் என்ன நடக்கும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவரே. சபையில் அவர் இருந்தது 4 ஆண்டுகள்கூட இல்லை. ஆனால், அவர் செய்த வேலை இன்றைக்கும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

புதுக்கோட்டைச் சிறுமி

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் கல்லூரித் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தில் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் அந்தக் குலத்துப் பெண்களில் சிலரைச் சிறு வயதிலேயே கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவார்கள். அவர்களுக்குத் தேவதாசிகள் என்று பெயர். ஆடலிலும் பாடலிலும் அவர்கள் வல்லவர்கள். ஆனால், ஒருவரை மணந்து குடும்பம் நடத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. பணக்காரர்களின் ஆசைக்குப் பலர் பலியானார்கள். அந்தத் துயரத்தை முத்துலட்சுமி சிறு வயதிலிருந்தே அறிந்திருந்தார்.

அவருக்குப் படிப்பில் ஆசை அதிகம். ஆனால், பெண் பெரியவளாகிவிட்டால் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. ஆகவே அவர் வீட்டிலேயே படித்தார். 1902-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தார்.

அடுத்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண் அங்கே வரலாமா என்று பலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்ணாக அவர் உட்கார்ந்து படித்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். "என்னைச் சமமாக நடத்த வேண்டும். என் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது" என்பதுதான் அவர் கேட்ட சீர். கணவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

வேலூரும் அறிந்த துயரம்

அன்று பெண் டாக்டர்கள் மிகக் குறைவு. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று குடும்பத்தார் பிடிவாதம் பிடிப்பார்கள். பிரசவத்தில் தாய் இறப்பாள். "விதி" என்று சொல்லி அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

இந்தத் துயரம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் இளம் வயதில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் 3 இளம் பெண்கள் பிரசவ வேதனையில் இறந்து போனார்கள். பெண் டாக்டர் இல்லை என்பதே காரணம். அவர் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

வேலூரில் ஐடா ஸ்கடர் கண்ட அதே துயரத்தைச் சென்னையில் முத்துலட்சுமியும் கண்டார். குழந்தையின் உடம்பே வளராத வயதில் அது தாயாகி வந்து நிற்பதைப் பார்த்தார். மருந்து கொடுத்தார். சிலர் பிழைத்தார்கள். மறுநாள் அதே வயதில் இன்னொரு பெண் வந்தாள்.

நோய்க்கு மருந்து கொடுக்கலாம். நோயை உண்டாக்கும் வழக்கத்துக்கு என்ன மருந்து? சட்டம்தான் மருந்து! டாக்டர் அம்மாள் சட்டசபைக்குப் போன காரணம் இதுதான்.

நூறு ஆண்களுக்கு நடுவில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921-ல்தான். அதுவும் எல்லாப் பெண்களுக்கும் அல்ல. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். சட்டசபைக்கே போகும் உரிமை பெண்களுக்கு 1926-ல் கிடைத்தது. அந்தத் தேர்தலில் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாயா நின்றார். மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

அந்தச் சமயத்தில் முத்துலட்சுமி மேல்படிப்புக்காக லண்டன் போய்த் திரும்பியிருந்தார். இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைச் சிபாரிசு செய்தது. சர்க்கார் அவரைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தது. 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நூறு பேருக்கு மேற்பட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்த சபை. அதில் ஒரே ஒரு பெண்!

அவர் ஓட்டு வாங்கி வரவில்லை. அவருக்கென்று தனித் தொகுதி இல்லை. இன்னொருவராக இருந்தால், "நமக்கு ஏன் வம்பு?" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். டாக்டர் அம்மாள் அப்படி நினைக்கவில்லை. மாகாணத்துப் பெண்கள் எல்லோரையும் தம் தொகுதியாக எடுத்துக்கொண்டார். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்!

கோவில் நிலம் யாருக்கு?

1927 நவம்பரில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சிறு பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது தீர்மானம். சபை அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் வெளியே எதிர்ப்பு எழுந்தது. "இது பழைய வழக்கம். கை வைக்கலாமா?" என்றார்கள் சிலர். "ஆடலும் பாடலும் அழிந்து போகும்" என்றார்கள் வேறு சிலர். தேவதாசிகளில் சிலரே சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். "எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்தாதீர்கள். எங்கள் பிழைப்பு போய்விடுமே" என்பது அவர்களுடைய கவலை.

அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. கோவிலில் சேவை செய்வதற்காக அவர்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. சேவையை விட்டால் நிலம் போய்விடும். நிலம் போனால் சோறு போய்விடும். பிறகு எப்படி ஒரு பெண் அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வருவாள்?

டாக்டர் அம்மாள் இதற்கு வழி கண்டார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. சேவை செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை அது நீக்கியது. மானிய நிலத்தை அந்தப் பெண்ணுக்கே சொந்தமாக்கியது.

விலங்கை உடைத்தார். வயிற்றில் அடிக்கவில்லை. நல்ல சட்டம் என்பது இப்படி இருக்க வேண்டும். "தப்பு" என்று சொன்னால் மட்டும் போதாது. தப்பிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் பிழைக்க வழியும் காட்ட வேண்டும்.

1930-ல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது உடனே சட்டமாகவில்லை. 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1947-ல், அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. விதை போட்டவர் சபையை விட்டுப் போய் 17 ஆண்டுகளுக்குப் பிறகு மரம் காய்த்தது!

கல்யாண வயது

1928-ல் அவர் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணின் கல்யாண வயது 16, ஆணின் கல்யாண வயது 21 என்று சட்டம் செய்யும்படி இந்திய சர்க்காரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் அது.

1929-ல் டெல்லியில் சாரதா சட்டம் நிறைவேறியது. அதில் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தார்கள். பெண்ணின் வயது 1949-ல் 15 ஆயிற்று. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. டாக்டர் அம்மாள் 1928-ல் கேட்டதை நாடு எட்டிப் பிடிக்க 50 ஆண்டுகள் ஆயின!

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 10-வது முடித்த பெண்ணைப் பார்த்து, "நல்ல இடம் வந்திருக்கிறது, முடித்துவிடலாமா?" என்று பேசும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மலையிலும் இருக்கின்றன, அடிவாரத்திலும் இருக்கின்றன. அந்தப் பேச்சுக்குக் குறுக்கே நிற்பது ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் இந்த அம்மாள்.

பதவி துச்சம்

1930-ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. காந்தியடிகளைச் சர்க்கார் கைது செய்தது. உடனே டாக்டர் அம்மாள் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார். துணைத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

பதவி போயிற்று. வேலை போகவில்லை.

பொட்டுக் கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று ஓடிவந்த பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. டாக்டர் அம்மாள் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. ஆதரவு இல்லாத பெண்கள் அங்கே படித்தார்கள். ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் ஆனார்கள்.

அவருடைய தங்கை ஒருவர் புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அன்று முதல் கேட்டு வந்தார். வீடு வீடாகப் பணம் திரட்டினார். 1952-ல் சென்னை அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தொடங்கியபோது அங்கே 12 படுக்கைகள்தான். இன்று வெளி மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அதைத் தேடி வருகிறார்கள்.

1956-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

ஏலகிரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. மலையில் ஓர் ஏழைப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிராமச் செவிலியர் அவள் பெயரைப் பதிவு செய்கிறார். சத்துணவுக்கும் செலவுக்கும் சர்க்கார் தவணை தவணையாகப் பணம் தருகிறது. முன்பு 12,000 ரூபாயாக இருந்த உதவி, பிறகு 18,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தத் திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்!

பணம் வாங்கும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரியும்? இனிமேல் தெரியட்டும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பது சட்டம். சென்னை மாகாணத்தில் முதன்முதலில் 1934-ல் பிரசவச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 1961-ல் வந்தது. 2017-ல் லீவு 26 வாரமாக உயர்ந்தது. இது எந்த முதலாளியும் தானாகக் கொடுத்த தர்மம் அல்ல. சபைகளில் உட்கார்ந்து கை தூக்கியவர்கள் கொடுத்த உரிமை.

சட்டம் போட்டால் போதுமா?

போதாது. இதற்கு நம் பாலாறே சாட்சி.

ஆற்று நீரைக் கெடுக்கக் கூடாது என்று 1974-லேயே சட்டம் வந்தது. இருந்தும் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்தது. கிணறுகள் கெட்டன. வயல்கள் பாழாயின. கடைசியில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஆற்றைக் கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது.

சட்டம் இருந்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஆறு கெட்டது? சட்டம் வேலை செய்கிறதா என்று சபையில் எழுந்து ஓயாமல் கேட்கிறவர்கள் வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் குடிமக்கள் கோர்ட்டுக்கு அலைந்திருக்க வேண்டியதில்லை. சட்டம் செய்வது பாதி வேலை. அதைக் காவல் காப்பது மறு பாதி.

மூன்று கேள்விகள்

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தாய்மார்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: "சட்டசபைக்கு ஒழுங்காகப் போவீர்களா? போய் என்ன கேட்பீர்கள்?"

இரண்டு: "யாருக்காகப் பேசுவீர்கள்? உங்களுக்கு ஓட்டுப் போடாதவர்களுக்காகவும், ஓட்டே இல்லாத குழந்தைகளுக்காகவும் பேசுவீர்களா?"

மூன்று: "பதவி போன பிறகு நீங்கள் செய்தது எது நிலைத்து நிற்கும்?"

ஏற்கனவே பதவியில் இருந்தவராக இருந்தால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "போனீர்களா? கேட்டீர்களா? என்ன நிலைத்தது?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கூலிக்கு ஆள் வைத்தால் மாலையில் வேலையைப் பார்க்க மாட்டோமா? 5 ஆண்டுக்கு ஆள் வைத்துவிட்டுப் பார்க்காமல் இருக்கலாமா?

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகப் போகிறது?" என்று நினைக்க வேண்டாம். ஏலகிரி இருப்பது ஜோலார்பேட்டைத் தொகுதியில். 2021 தேர்தலில் அங்கே ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் 1,100 ஓட்டுக்கும் குறைவு. மலையில் உள்ள ஒரு சில சிற்றூர்கள் சேர்ந்தால் அந்த முடிவை மாற்றியிருக்கலாம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1927-ல் சபையில் ஒரே ஒரு பெண் இருந்தார். 2021-ல் தமிழ்நாட்டில் 234 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் 12 பேர். 94 ஆண்டுகளில் இவ்வளவுதான் வளர்ந்திருக்கிறோம். சட்டசபைகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் தொகுதிச் சீரமைப்பும் முடிந்த பிறகே அது நடப்புக்கு வரும் என்றும் அதில் எழுதினார்கள்.

இடம் வரும்போது உட்காரத் தகுதியானவர்கள் வேண்டாமா? இன்று ஏலகிரியில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும் சிறுமிகளில் ஒருத்தி ஏன் நாளைக்குச் சட்டசபைக்குப் போகக் கூடாது? முதலில் அவளைப் படிக்க விடுங்கள். 18 வயதுக்கு முன்னால் அவள் கழுத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டாதீர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

குழாய் கேளுங்கள். சாலை கேளுங்கள். அதோடு சட்டத்தையும் கேளுங்கள். குழாய் துருப்பிடிக்கும். சாலை குண்டும் குழியும் ஆகும். நல்ல சட்டம் பேத்திக்கும் பயன்படும்.